ஆறு இட்லியும் அரை மாத்திரையும்

கேள்வி: என் கணவருக்கு வயது 56. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆறு மாதங்களுக்கு முன்பு ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டிலிருந்து வந்த எதுவும் இனி இந்த வீட்டில் கிடையாது, முன்னோர் சாப்பிட்டது மட்டும்தான்" என்று அறிவித்துவிட்டார். கோதுமை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் போயிற்று. காபியை மட்டும் விடவில்லை. காலையில் பெரிய தம்ளரில் கேழ்வரகுக் கூழ், இரவில் ஆறு இட்லி. சிறுதானியம் சாப்பிடுகிறோமே என்று மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.3 ஆக இருந்தது, இப்போது 8.7. போன வாரம் நண்பர் ஒருவர், இட்லியே இந்தோனேசியாவிலிருந்து வந்ததுதான் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து இட்லியையும் நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகன் வாரத்தில் இரண்டு நாள் வெளியே பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருகிறான். மைதாவில் சர்க்கரை நோயை வரவழைக்கும் ரசாயனம் இருக்கிறது என்று அப்பாவுக்கும் மகனுக்கும் ஓயாத சண்டை. இதில் எது உண்மை? இட்லி நல்லதா, கெட்டதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

இட்லியின் பூர்வீகத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தப் பாதி மாத்திரை.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அது ஒன்றுதான். இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போகும்போது ஆறு மாதமாகப் பாதி மாத்திரைதான் சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பலர் இதைச் சொல்வதில்லை. முழு மாத்திரையும் சாப்பிட்டுத்தான் 8.7 வந்திருக்கிறது என்று மருத்துவர் நினைத்தால் இன்னொரு மருந்தைச் சேர்ப்பார். வீட்டுக்கு வந்து இவர் பயந்துபோய் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சாப்பிட, சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கத்தில் போய் முடியும். என் அறைக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இன்னொன்று, மெதுவாகக் கரைய வேண்டும் என்றே தயாரிக்கப்படும் மாத்திரைகள் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் அவற்றை உடைத்தால், நாள் முழுவதும் வேலை செய்ய வேண்டியது சில மணி நேரத்தில் தீர்ந்துபோகலாம்.

இனி சமையலறைக்கு வருவோம்.

வெளிநாட்டுச் சரக்கு கூடாது என்ற உங்கள் கணவரின் சட்டத்தை நேர்மையாக அமல்படுத்தினால், முதலில் வெளியேற வேண்டியது அவர் பெரிய தம்ளரில் குடிக்கும் கேழ்வரகுதான். அதன் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மலைநாடுகள். கம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் சகாரா ஓரத்திலிருந்தும் சோளம் சூடான் பக்கத்திலிருந்தும் வந்தவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே வந்து நம் மண்ணோடு ஒட்டிவிட்டதால் யாரும் அவற்றிடம் ஊர் கேட்பதில்லை. அவர் விடாத காபியும் எத்தியோப்பியாவில் பிறந்து ஏமன் வழியாக வந்ததுதான். மிளகாய், தக்காளி, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுக்கீசியர் வருவதற்கு முன்பு இங்கே காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காயும் மிளகைப் போலவே காரமாக இருந்ததால்தான் அது மிளகாய் ஆயிற்று. நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்று இன்றும் சொல்கிற ஊர்கள் இருக்கின்றன. பெயரிலேயே கப்பல் ஏறி வந்த கதை இருக்கிறது.

இதையெல்லாம் அவரை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. மிளகாயும் கேழ்வரகும் நம்முடையவைதான். ஆனால் ஓர் உணவு எங்கே பிறந்தது என்பதை வைத்து அது ரத்தத்தில் என்ன செய்யும் என்று கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கேழ்வரகையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வேறு எந்தத் தானியமும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதே 100 கிராமில் 70 கிராமை நெருங்கி மாவுச்சத்தும் இருக்கிறது. அரிசியைவிட அது கொஞ்சம்தான் குறைவு. கேழ்வரகை நைசாக அரைத்து, கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டிக் கிண்டிக் கூழாக்கி, மெல்லும் வேலைகூட இல்லாமல் தம்ளரில் ஊற்றிக் குடித்தால், சர்க்கரையாக மாறுவதற்கு அதற்கு என்ன தடை இருக்கிறது? வயலில் வேலை செய்தவர் களியை உருட்டிக் கீரைக் குழம்பில் தோய்த்து விழுங்கிவிட்டு வெயிலில் நாலு மணி நேரம் மண்வெட்டி பிடித்தார். உங்கள் கணவர் கூழைக் குடித்துவிட்டு நாற்காலியில் உட்காருகிறார். 8.7 ஆனதில் பாதி மாத்திரைக்குப் பெரிய பங்கு இருக்கும், இந்தத் தம்ளருக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்போது இட்லி. இந்தோனேசியக் கதை முழுக்க வாட்ஸ்அப்பில் முளைத்ததும் இல்லை. இந்திய உணவு வரலாற்றை எழுதிய கே.டி. அச்சயா, அரிசியும் உளுந்தும் சேர்த்துப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் முறை, இந்தோனேசியாவை ஆண்ட இந்து அரசர்களின் சமையல்காரர்கள் வழியாக இங்கே வந்திருக்கலாம் என்று ஓர் ஊகத்தை முன்வைத்தார். ஊகம்தான், அதற்கு ஆவணம் கிடையாது. கையில் இருக்கும் சான்றுகள் கர்நாடகத்தைக் காட்டுகின்றன. சுமார் கி.பி. 920இல் எழுதப்பட்ட 'வட்டாராதனே' என்ற கன்னட நூலில் 'இட்டலிகே' என்ற பெயர் வருகிறது. அதற்கு நூறு ஆண்டு கழித்து, இரண்டாம் சாவுண்டராயரின் 'லோகோபகாரம்' செய்முறையே சொல்கிறது: உளுந்தை மோரில் ஊறவைத்து நைசாக அரைத்து, தயிரின் தெளிநீர் விட்டு, மிளகு, சீரகம், கொத்தமல்லி, பெருங்காயம் சேர்க்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாசம்' இட்டரிகா என்று சொல்வதும் உளுந்துப் பண்டம்தான்.

கவனித்தீர்களா? இவற்றில் அரிசி இல்லை.

நம் வீட்டு இட்லியில் நாலு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுகிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இட்லி முழுக்க உளுந்து. உளுந்து இந்திய மண்ணிலேயே பயிராக வளர்ந்த பருப்பு. 100 கிராமில் 23 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, அரிசியில் 8 கிராம்கூட இல்லை. முன்னோர் சாப்பிட்டதுதான் வேண்டும் என்று உங்கள் கணவர் பிடிவாதமாக இருந்தால், அந்தப் பிடிவாதத்தை இந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். காஞ்சிபுரம் கோயில் இட்லி சாப்பிட்டிருப்பீர்கள். உளுந்து தாராளமாகச் சேர்த்து, மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, மந்தாரை இலை விரித்த மூங்கில் கூடையில் வேகவைப்பார்கள். அந்தக் கன்னடச் செய்முறைக்கு இதைச் சொந்தக்காரன் என்று சொல்லலாம். நெய்யும் நல்லெண்ணெயும் அதில் கொஞ்சம் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இட்லி நல்லதா, கெட்டதா" என்று கேட்டிருந்தீர்கள். காய்ச்சல் வந்தால் ஏன் இட்லி கொடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். இரவு எட்டு மணிக்குக் கரைத்து மூடிவைத்த மாவு காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தொடும். நாம் ஈஸ்ட் எதுவும் போடுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள், முக்கியமாக லியூகோநாஸ்டாக் என்ற வகை, மாவைத் தின்று காற்றையும் புளிப்பையும் உண்டாக்குகின்றன. அந்தக் காற்றைத் தப்பவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. உளுந்து குறைந்தால் இட்லி கல்லாகிவிடுவது இதனால்தான். புளிக்கும்போது பி வைட்டமின்கள் கூடுகின்றன. இரும்பையும் துத்தநாகத்தையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் குறைகிறது. எண்ணெய் இல்லாமல் ஆவியில் வேகிறது. நோயாளிக்கும் குழந்தைக்கும் பல் போன பாட்டிக்கும் இதைவிட நல்ல பலகாரம் எனக்குத் தெரியாது.

ஆனால் அரைத்து, புளிக்கவைத்து, ஆவியில் வேகவைத்ததால் செரிமானத்துக்கான பாதி வேலை வயிற்றுக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது. காய்ச்சல்காரருக்கு வரமாக இருக்கிற அந்தக் குணமே சர்க்கரை நோயாளிக்குச் சிக்கலாகிறது. மாவுச்சத்து சீக்கிரமாக ரத்தத்தில் ஏறுகிறது. நடுத்தர இட்லி ஒன்றில் ஏறத்தாழ 10 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு இட்லிக்கு 60 கிராம். கூட வருவது இரண்டு கரண்டித் தேங்காய்ச் சட்னியும் கொஞ்சம் மிளகாய்ப்பொடியும் என்றால், தட்டில் காய்கறி ஒரு துண்டுகூட இல்லை. அதையும் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிறார் என்று ஊகிக்கிறேன். தவறென்றால் மன்னிக்கவும்.

இன்னொரு விஷயத்தையும் உங்கள் மாமியாரோ ஊரில் பெரியவர்களோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய சின்ன வயதில் எத்தனை நாளைக்கு ஒருமுறை இட்லி சாப்பிட்டார்கள்? தீபாவளிக்கு, பொங்கலுக்கு, வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால். பெரும்பாலான கிராமத்து வீடுகளில் பதில் இப்படித்தான் வரும். ஆட்டுக்கல்லில் ஒரு வீட்டுக்கு மாவாட்டி முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். தினமும் இட்லி சாத்தியமானது, 1950களில் கோயம்புத்தூரில் உருவான கிரைண்டர் வீட்டுக்கு வீடு வந்த பிறகுதான். பிறகு ஃபிரிட்ஜ் வந்தது, அதன் பிறகு தெருமுனையில் பாக்கெட் மாவு வந்தது. இட்லிக்கு ஆயிரம் வயது. தினந்தோறும் ஆறு இட்லி என்ற பழக்கத்துக்கு உங்கள் கணவரின் வயதுகூட இருக்காது.

சங்க காலத்துச் சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை, அவருக்குப் பிடிக்கும். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், தம் மண்ணில் உணவு என்று நாலே பொருள்களைச் சொல்கிறார்: வரகு, தினை, கொள்ளு, அவரை. இரண்டு தானியம், இரண்டு பயறு. நாம் அந்தப் பட்டியலில் முதல் பாதியை மட்டும் "சிறுதானியம்" என்று பாக்கெட்டில் அடைத்து விற்கிறோம், வாங்குகிறோம். கொள்ளும் அவரையும் எங்கே போயின என்று யாரும் தேடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாள் உணவில் தானியத்தின் பங்கு மொத்தச் சக்தியில் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நம் தட்டைப் பார்த்தால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும்.

பரோட்டா விவகாரத்தில் அப்பா சொல்லும் காரணம் தவறு, மகன் சாப்பிடும் அளவும் தவறு. மாவை வெளுக்கும்போது உண்டாவதாகச் சொல்லப்படும் அலோக்சான் என்ற ரசாயனத்தைத்தான் அவர் சொல்கிறார். 1943இல் அதை முயல்களுக்குச் செலுத்தியபோது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்ததைக் கண்டார்கள். அன்று முதல் ஆய்வுக்கூடத்து எலிகளுக்குச் சர்க்கரை நோயை உண்டாக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். எலிக்கு ஊசியில் ஏற்றுகிற அளவு வேறு, வெளுத்த மாவில் எங்காவது தங்கக்கூடிய துளி வேறு. அதோடு, மனிதக் கணையத்துச் செல்கள் எலியின் செல்களைப் போல அலோக்சானுக்கு எளிதில் பலியாவதில்லை. பரோட்டா சாப்பிட்டதால் அலோக்சான் ஏறிச் சர்க்கரை நோய் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. பையனிடம் பொய்யான காரணத்தைச் சொன்னால், அவன் அலைபேசியில் இரண்டு நிமிடத்தில் அது பொய் என்று கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையான காரணத்தையும் கேட்க மாட்டான்.

உண்மையான காரணத்துக்கு ரசாயனம் தேவையில்லை. மைதா என்பது தவிடும் முளையும் நீங்கிய கோதுமை. அதைப் பிசைந்து எண்ணெயில் ஊறவைத்து, மாஸ்டர் கல்லில் அடித்துக் காகிதம்போல வீசி, மறுபடி எண்ணெய் தடவிச் சுருட்டி, தட்டிக் கல்லில் போட்டு, இன்னும் ஒரு கரண்டி விட்டுச் சுடுகிறார். நாலைந்தை அடுக்கி இரண்டு கைகளாலும் அடித்து உதிர்க்கும்போது பார்ப்பவருக்கே பசி எடுக்கும், எனக்கும் எடுக்கும். ஒரு பரோட்டாவுக்கு 250, 300 கலோரி ஆகிவிடும். நாலு பரோட்டா, சால்னா, மேலே ஓர் ஆம்லெட் என்றால் அவனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதில் ஏறத்தாழப் பாதி ஒரே இலையில் முடிந்துவிடுகிறது. காய்கறி என்று இருப்பது நறுக்கிய வெங்காயம் மட்டும்.

பரோட்டாவை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெரும் அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில், பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்த 1950களிலும் 60களிலும்தான் அரிசி தின்ற ஊர்களில் கோதுமை மாவு பரவலாகப் புழங்கத் தொடங்கியது. உழைத்துக் களைத்தவருக்குக் குறைந்த காசில் வயிறு நிறைத்த பண்டம் அது. மலேசியாவுக்குப் போன தமிழ் முஸ்லிம்களின் கடைகளில் அதுவே ரொட்டி சானாய் என்று அந்த நாட்டின் காலை உணவாகிவிட்டது. உங்கள் மகன் மாதத்தில் இரண்டு நாள் சாப்பிடட்டும். நாலுக்குப் பதில் இரண்டு, கூட இரண்டு அவித்த முட்டை, சால்னாவை ஊற்றி ஊறவைக்காமல் தொட்டுக்கொண்டு. விளையாடுகிற பையன் என்றால் இதற்கு மேல் அவனைப் படுத்த வேண்டாம். ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அவனுக்கும் வருவதற்கான வாய்ப்பு மற்ற பையன்களைவிடக் கூடுதல் என்பதை அவனிடம் ஒருமுறை அமைதியாகச் சொல்லுங்கள். மிரட்டாமல் சொன்னால் பதினேழு வயதுக்குப் புரியும்.

இனி உங்கள் கணவருக்கு. இட்லியை நிறுத்த வேண்டாம். நாலுக்கு ஒன்று என்ற கணக்கை மூன்றுக்கு ஒன்று ஆக்குங்கள், பழகியதும் இரண்டுக்கு ஒன்று. உளுந்தில் பாதியைத் தோலோடு கூடிய கறுப்பு உளுந்தாகப் போடுங்கள். இட்லி சாம்பல் நிறமாகும், சற்று அமுங்கும், பல்லில் லேசாக ஒட்டும். முதல் ஈடு எடுத்ததும் அவர் முகம் சுளிப்பார். மாவில் கொஞ்சம் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, இதுதான் ஆயிரம் வருடத்துப் பழைய முறை என்று சொல்லுங்கள், அவரே சாப்பிட்டுவிடுவார்.

எண்ணிக்கை மூன்று. தட்டில் முதலில் வைக்க வேண்டியது இட்லி அல்ல, ஒரு கிண்ணம் காய்கறி போட்ட கெட்டிச் சாம்பார். ஓட்டல் சாம்பார்போல நீரில் பருப்பைத் தேட வைக்கக் கூடாது. சட்னியைப் புதினா, கொத்தமல்லி, பீர்க்கங்காய்த் தோல் என்று மாற்றுங்கள். தேங்காயை ஒதுக்க வேண்டாம், அளவு இரண்டு மேசைக்கரண்டி போதும். சாப்பாட்டை எட்டு மணிக்கு முன்னால் முடித்துக்கொண்டு, தெருவில் பதினைந்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். வாரத்தில் மூன்று நாள் இட்லிக்குப் பதில் அடை. துவரை, கடலை, உளுந்து, பாசிப்பயறு எல்லாம் சேர்ந்து அரிசியைவிடக் கூடுதலாக இருக்கும்படி, கொரகொரப்பாக அரைத்த அடை. நைசாக அரைத்துவிட்டால் பாதிப் பயன் போய்விடும். காலையில் கூழை எடுத்துவிட்டு, கேழ்வரகை முருங்கைக்கீரை போட்ட அடையாகவோ சின்ன உருண்டைக் களியாகவோ கொடுங்கள், கூட ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டலோ பாசிப்பயறுச் சுண்டலோ இருக்க வேண்டும். கோதுமையைத் திரும்பக் கொண்டுவருவது உங்கள் இஷ்டம். இரண்டு சப்பாத்தி காய்கறிக் கூட்டோடு நல்ல உணவுதான். ஓட்ஸ் போனதில் எனக்கு வருத்தமில்லை.

உங்கள் வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். முதல் நாள் இரவு வழக்கமான ஆறு இட்லி, மறுநாள் புது மாவில் மூன்று இட்லியும் சாம்பாரும், மூன்றாம் நாள் இரண்டு அடை. ஒவ்வொரு நாளும் சாப்பிடுவதற்குச் சற்று முன்பும், முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். முக்கியமாக, அந்தத் தாளை அவர் கையாலேயே எழுத வையுங்கள். மருத்துவர் மாத்திரை அளவைச் சரிசெய்து ஒரு வாரம் ஆன பிறகே இதைத் தொடங்க வேண்டும். சாப்பாட்டு அளவைக் குறைக்கப் போகிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் நள்ளிரவில் வியர்த்து நடுங்கும். அப்படி நடந்தால் கொள்கையெல்லாம் பார்க்காமல் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும்.

கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஒன்பது ஆண்டாகச் சர்க்கரை நோய் இருக்கிறவருக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் பருப்பையும் பயறையும் நான் சொன்னதற்கு மேல் கூட்டச் சொல்ல மாட்டேன். ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் இரண்டையும் பார்த்துவிட்டு, அந்த மூன்று நாள் தாளோடும் மாத்திரைகளின் பெயர்களோடும் மறுபடி எழுதுங்கள். அந்தப் பரிசோதனை முடிவுகள் வரும்வரை இட்லி மாவு மூன்றுக்கு ஒன்றிலேயே இருக்கட்டும்.